வந்ததுதான் வந்தோம்: ‘மைட் ஆஸ் வெல்’ எங்கே, எப்படிச் சொல்வது?

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கூட வந்த அக்கா சொல்கிறார்: “சும்மா நிக்கறதுக்கு ஒரு டீயாவது குடிக்கலாம், வா.”

இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் “லெட் அஸ் டிரிங்க் டீ” என்றுதான் பதில் வரும். தப்பில்லை, கேட்பவருக்குப் புரியும். ஆனால் அக்கா சொன்னதில் பாதி காணாமல் போய்விட்டது. அவருக்கு டீ மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. எப்படியும் நிற்கத்தான் போகிறோம், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாலும் அதே அரை மணி நேரம், டீ குடித்தாலும் அதே அரை மணி நேரம், அப்படியென்றால் குடித்துவிடலாமே என்கிறார். ‘சும்மா நிக்கறதுக்கு’ என்பதிலும் ‘ஆவது’ என்பதிலும் ஒளிந்திருக்கும் இந்தக் கணக்கைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருக்கிறது: மைட் ஆஸ் வெல்.

“வி மைட் ஆஸ் வெல் ஹேவ் எ டீ.”

ஆங்கிலம் பேசுகிறவர்கள் வீட்டில், ஆபீஸில், போனில் என்று தினமும் புழங்கும் தொடர் இது. நம் பாடப் புத்தகத்தில் இதற்கு அவ்வளவாக இடம் இல்லை. அகராதியைப் பிரித்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினாலும் பயனில்லை. மைட் என்றால் ஒருவேளை, ஆஸ் என்றால் போல, வெல் என்றால் நன்றாக. கூட்டிப் படித்தால் ‘ஒருவேளை போல நன்றாக’ என்று வரும். (வெல் என்றால் கிணறு என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இன்னும் கஷ்டம்.)

இந்தத் தொடரின் பின்பாதி வாயில் வருவதில்லை, மனசுக்குள் நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் போதும். முழு வாக்கியம் இப்படி இருக்கும்: “வி மைட் ஆஸ் வெல் ஹேவ் எ டீ ஆஸ் ஸ்டாண்ட் ஹியர்.” இங்கே நிற்பதும் சரி, டீ குடிப்பதும் சரி, இரண்டும் ஒன்றுக்கொன்று குறைவில்லை. இரண்டாவது ‘ஆஸ்’ஸும் அதற்குப் பின்னால் உள்ளதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் பேச்சில் உதிர்ந்துவிடுகின்றன.

அந்தப் பின்பாதி உதிராமல் நிற்கிற ஒரு பழமொழி ஆங்கிலத்தில் உண்டு: “மைட் ஆஸ் வெல் பி ஹேங்ட் ஃபார் எ ஷீப் ஆஸ் எ லாம்.” குட்டியைத் திருடித் தூக்கில் தொங்குவதற்கு ஆட்டையே திருடித் தொங்கலாம் என்பது பொருள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆடு திருடியவனுக்கு மரண தண்டனை கொடுக்கச் சட்டம் இருந்தது. 1832-இல்தான் அது நீக்கப்பட்டது. குட்டி என்றாலும் கிடா என்றாலும் கயிறு ஒன்றுதான் என்றால், திருடுகிறவன் ஏன் குட்டியோடு நிற்கப் போகிறான்? 1678-இல் அச்சான ஒரு பழமொழித் தொகுப்பிலேயே இது கொஞ்சம் வேறு வடிவில் இருக்கிறது. நம்மிடம் இதே கணக்குக்கு இன்னும் அழகான பழமொழி இருக்கிறது: தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ரெண்டும் வேறு ஊர்ப் பழமொழிகள், ஆனால் யோசனை ஒன்றே.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ‘செய்வது’, இன்னொரு தட்டில் ‘செய்யாமல் இருப்பது’. முள் நடுவில் நிற்கிறது. செய்வதால் பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, நஷ்டமும் இல்லை. அப்போது “சரி, செய்துவிடலாம்” என்கிறோமே, அந்த இடத்தில் பிறக்கும் தொடர்தான் மைட் ஆஸ் வெல். இதில் ஆசை இல்லை, கட்டாயமும் இல்லை. ‘செய்யாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை’ என்பது மட்டும்தான் இருக்கிறது. கீழே சொல்லப்போகும் எல்லாமே, ஏன் சில இடத்தில் இது மரியாதைக் குறைவாகக் கேட்கிறது என்பது உட்பட, இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

தமிழில் நாம் இதை எப்படிச் சொல்கிறோம்?

நமக்கு இதற்கு ஒரே ஒரு சொல் இல்லை, நாலைந்து இருக்கின்றன. ‘வந்ததுதான் வந்தோம்’, ‘எப்படியும் போகத்தானே போறோம்’, ‘சும்மா இருக்கறதுக்கு’, எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பேசாம’. வாயை மூடிக்கொண்டு என்ற பொருளில் வரும் பேசாம இல்லை. “பேசாம ஆட்டோவுலயே போயிடலாம்” என்கிறோமே, அந்தப் பேசாம. அஸ்தம்பட்டியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போன ஒருவர் அப்படிச் சொன்னால், அதை ஆங்கிலத்தில் “வி மைட் ஆஸ் வெல் டேக் அன் ஆட்டோ” என்று அப்படியே வைக்கலாம்.

ஆங்கிலம் பேசும்போது மனசுக்குள் தமிழ் முதலில் ஓடத்தான் செய்யும். அதை அடக்கச் சொல்லும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனசில் ‘பேசாம’ என்றோ ‘வந்ததுதான் வந்தோம்’ என்றோ ஒரு சொல் தட்டுப்பட்டால், மைட் ஆஸ் வெல்லுக்கான இடம் வந்துவிட்டது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அந்த உதவியை ஏன் விடவேண்டும்?

இலக்கணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ‘மைட் ஆஸ் வெல்’லுக்கு அடுத்து வினைச்சொல் மொட்டையாக வரவேண்டும்: கோ, ஈட், ஸ்டே, ஸ்டார்ட். நடுவில் ‘டு’ போடக்கூடாது, வாலில் ‘இங்’ ஒட்டக்கூடாது. அவன், அவள் என்று யாரைச் சொன்னாலும் மாறாது, “ஹி மைட் ஆஸ் வெல் கோ” தான், கோஸ் இல்லை. மைட்டுக்குப் பதிலாக ‘மே’ போட்டு “வி மே ஆஸ் வெல் கோ” என்றாலும் பொருள் ஒன்றே. பேச்சில் மைட்தான் அதிகம் கேட்கும், அதனால் அதையே பழகுங்கள். இதைக் கேள்வியாகத் திருப்பும் வழக்கம் இல்லை.

உச்சரிப்புதான் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. நாம் மைட், ஆஸ், வெல் என்று மூன்றையும் நிறுத்தி நிறுத்தி, ‘ஆஸ்’ஸை நீட்டிச் சொல்கிறோம். அவர்கள் வாயில் அது ‘மைடஸ்வெல்’ என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். அழுத்தம் வெல்லில் விழும். இந்த ஓட்டம் காதுக்குப் பழகாததால்தான் பலருக்கு இந்தத் தொடர் காதில் விழுந்தும் விழாதது போலப் போய்விடுகிறது. வேகமாக நாலு தரம் சொல்லிப் பாருங்கள்.

ஏற்காடு ஒரு நாள்

விதியாகப் படிப்பதைவிட ஒரு குடும்பத்தோடு மலை ஏறிப் பார்ப்பது சுலபம். அக்கா, மாமா, அவர்களுடைய பையன். டீ குடித்துவிட்டார்கள், அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டது.

அடிவாரம் தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பையன் கையில் பெரிய சிப்ஸ் பாக்கெட். அக்கா இரண்டாவது வளைவிலேயே சொல்லிவிட்டார், “அதை உள்ள வைடா, வாந்தி வரும்.” ஐந்தாவது வளைவில் இன்னொரு தரம். எட்டாவதில் பர்ஸிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் லேசாகக் கீறி, “இந்தா, மோந்துக்கிட்டே வா” என்று நீட்டினார். பையன் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிப்ஸைத் தொடர்ந்தான். வெளியே தடுப்புச் சுவர் மேல் வரிசையாகக் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. அக்கா மாமாவைப் பார்த்துச் சொல்கிறார்: “இவன்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், அந்தக் குரங்குங்ககிட்ட சொல்றதும் ஒண்ணுதான்.”

“ஐ மைட் ஆஸ் வெல் பி டாக்கிங் டு தோஸ் மங்கீஸ்.”

இது இந்தத் தொடரின் இரண்டாவது முகம். இங்கே அக்கா குரங்கோடு பேசப்போவதாகத் திட்டம் போடவில்லை. பலன் சமம் என்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வழக்கமாக இந்த இடத்தில் சுவர் வரும்: “ஐ மைட் ஆஸ் வெல் பி டாக்கிங் டு எ வால்.” செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாம் சொல்வது. இந்த முகத்தில் மைட்தான் பொருத்தம், மே வேண்டாம். ‘பி’யும் ‘டாக்கிங்’கும் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். ‘இங்’ ஒட்டக்கூடாது என்று சொன்னேனே, அது மைட் ஆஸ் வெல்லுக்கு அடுத்த சொல்லுக்கு. இங்கே அடுத்த சொல் ‘பி’, அது மொட்டையாகத்தானே நிற்கிறது.

இதே வகையில் இன்னொன்று. தினமும் காலையில் டீக்கடைக்கு வந்து மதியம் வரை பேப்பர் படிக்கும் பெரியவரைப் பார்த்து, “இங்கேயே பாய் போட்டுப் படுத்துக்கலாம்” என்று கடைக்காரர் முணுமுணுத்தால், “ஹி மைட் ஆஸ் வெல் லிவ் ஹியர்.” நேரில் சொல்ல வேண்டாம்.

மேலே போய்ச் சேர்ந்தாயிற்று. 1500 மீட்டர் உயரம், சேலத்து வெயில் மறந்துபோகிறது. ஏரியைச் சுற்றிப் பார்த்தார்கள், படகுக்கு வரிசையில் நின்று படகிலும் போனார்கள், சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்கள். மணி மூன்று. திரும்பிவிடலாமா என்று மாமா கேட்கிறார். அக்கா விடவில்லை. “வந்ததுதான் வந்தோம், பகோடா பாயிண்டையும் பாத்துட்டே போயிடலாம்.”

“வி ஹேவ் கம் திஸ் ஃபார், வி மைட் ஆஸ் வெல் சீ பகோடா பாயிண்ட்.”

முதல் பாதியில் காரணம், அடுத்த பாதியில் முடிவு. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்’ என்று சொல்ல “வி ஹேவ் கம் திஸ் ஃபார்” அல்லது “சின்ஸ் வி ஆர் ஹியர்”, ‘எப்படியும்’ என்று சொல்ல “எனிவே”. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் பாதி வாக்கியம் ரெடி. மாமாவுக்கும் பெரிதாக மறுப்பில்லை. அவர் சொல்லக்கூடிய பதில் இன்னும் சின்னது: “வி மைட் ஆஸ் வெல்.” சரி, போயிட்டாப் போச்சு என்கிற மாதிரி. வினைச்சொல்லே தேவையில்லை. நண்பர்களுக்குள் ‘வி’யையும் விட்டுவிட்டு “மைட் ஆஸ் வெல்” என்றே பதில் சொல்வார்கள்.

போனால் பகோடா பாயிண்டில் ஒரே பனிமூட்டம். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எதிரில் பள்ளத்தாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ போனில் “ஒண்ணும் தெரியலீங்க, இங்க வராதீங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா அக்காவைப் பார்க்காமலே சொல்கிறார்: “இதுக்குப் பேசாம ஏரிக்கரையிலேயே இருந்திருக்கலாம்.”

“வி மைட் ஆஸ் வெல் ஹேவ் ஸ்டேய்ட் பை த லேக்.”

நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசும்போது ‘ஹேவ்’ நுழைந்து, வினைச்சொல் மூன்றாம் வடிவத்துக்குப் போகிறது: ஸ்டேய்ட், கான், பாட், ஈட்டன். மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்த பில்லைப் பார்த்து வயிறெரியும்போதும் இதுதான். “ஃபார் தட் மனி, ஐ மைட் ஆஸ் வெல் ஹேவ் பாட் எ நியூ ஒன்.” அந்தக் காசுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இப்படி மூன்றாம் வடிவத்தோடு ‘ஹேவ்’ வந்தாலே (‘ஹேவ் எ டீ’யில் வரும் ஹேவ் வேறு) அது நடக்கவில்லை என்று பொருள். ஏரிக்கரையில் இருந்திருக்கலாம், ஆனால் இருக்கவில்லை. புது மிக்ஸி வாங்கியிருக்கலாம், ஆனால் வாங்கவில்லை. சரி, உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால்? அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கு மனசில்லை, பேசாமல் ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். மறுநாள் அலுவலகத்தில் அக்கா இதை ஆங்கிலத்தில் சொல்கிறார். “வி மைட் ஆஸ் வெல் ஹேவ் ஸ்டேய்ட்” என்று சொன்னால், தங்கியிருக்கலாம், ஆனால் தங்கவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். கதையே தலைகீழ். “வி மைட் ஆஸ் வெல் ஸ்டேய்ட்” என்பது வாக்கியமே இல்லை.

வழி சுலபம். ‘நினைத்தோம்’ என்பதை முன்னால் போட்டுவிடுங்கள்: “இட் வாஸ் ஸ்டில் ரெய்னிங், ஸோ வி தாட் வி மைட் ஆஸ் வெல் ஸ்டே.” மழை விடவில்லை, சரி தங்கிடலாம்னு தோணுச்சு. தமிழிலும் நாம் இப்படித்தானே கதை சொல்கிறோம், ‘தங்கிடலாம்னு தங்கிட்டோம்’ என்று. ‘தாட்’ இறந்தகாலத்தைத் தாங்கிக்கொள்கிறது, மைட் ஆஸ் வெல் அப்படியே கிடக்கிறது. என் வகுப்பில் ரொம்ப நேரம் எடுப்பது இந்த ஒரு இடம்தான். இது தெளிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

எங்கே சொல்லக்கூடாது?

தராசின் முள் நடுவில் நிற்கிறது என்று சொன்னேன் இல்லையா? வம்பும் அங்கேதான். “எனக்கு இதில் ஆர்வம் ஒன்றும் இல்லை, மறுக்கக் காரணமும் இல்லை” என்பது மைட் ஆஸ் வெல்லுக்குள் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். நாம் “ஐ மைட் ஆஸ் வெல் ஈட்” என்கிறோம். மனசில் நினைத்தது, ‘சரிங்க, சாப்பிட்டே போறேன்’. அவர் காதில் விழுந்தது, ‘வேற வழியில்ல, சாப்பிட்டுத் தொலைக்கிறேன்’. முகம் சுருங்கும், ஏன் என்று நமக்குப் புரியாது. அழைப்பை ஏற்கும்போது “ஐ வுட் லவ் டு” என்று சொல்லுங்கள், தாராளமாக. மேலதிகாரி ஒரு வேலையை ஒப்படைக்கும்போதும் அப்படித்தான். “ஐ மைட் ஆஸ் வெல் டூ இட்” என்றால் இவனுக்கு மனசில்லை என்று எழுதி வைத்துக்கொள்வார். ஏன் எங்கள் கம்பெனியில் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு இந்தத் தொடரில் பதில் சொல்லாதீர்கள், விளக்கமே வேண்டாம்.

இதைவிட நுணுக்கமானது நாம் அழைக்கும்போது வருவது. நம் பக்கத்தில் வாசலில் நிற்கிற விருந்தாளியிடம், “வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க கண்ணு” என்று சொல்வது எவ்வளவு வாஞ்சையான பேச்சு! அதை அப்படியே “சின்ஸ் யூ ஹேவ் கம், யூ மைட் ஆஸ் வெல் ஈட்” என்று மாற்றினால் வாஞ்சை முழுக்க ஆவியாகிவிடும். வந்து தொலைத்துவிட்டாய், சாப்பிட்டுவிட்டாவது போ என்கிற தொனி. தமிழில் அந்த அன்பைச் சுமப்பது ‘வந்ததுதான் வந்தீங்க’ இல்லை. ‘ஒரு வாய்’, ‘போங்க’, ‘கண்ணு’ என்று பின்னால் வருகிற சொற்கள்தான். அவை ஆங்கில வாக்கியத்துக்குள் வருவதில்லை. ஆகவே ‘வந்ததுதான் வந்தோம்’ என்று நம்மைப் பற்றிச் சொன்னால் மைட் ஆஸ் வெல். ‘வந்ததுதான் வந்தீங்க’ என்று விருந்தாளியைச் சொன்னால் “ப்ளீஸ் ஸ்டே ஃபார் லஞ்ச்” போதும்.

அதே அசட்டைத்தனம் ஓர் இடத்தில் நல்ல பண்பாக மாறுகிறது. நாம் ஒருவருக்கு உதவி செய்யும்போது. வேலை முடிந்து கூட வேலை பார்ப்பவரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறீர்கள். அவர் “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்கிறார். “நான் எப்படியும் ஐந்து ரோடு வழியாத்தான் போறேன், அப்படியே இறக்கிவிட்டுடறேன்” என்று சொல்வீர்கள் அல்லவா? “ஐ ஆம் கோயிங் தட் வே எனிவே, ஐ மைட் ஆஸ் வெல் டிராப் யூ.” இது எனக்குப் பெரிய வேலையே இல்லை என்று உதவியைச் சின்னதாக்கிக் காட்டுகிறது. வாங்கிக்கொள்பவருக்குக் கூச்சம் குறையும். உதவியை ஏற்கும்போது புண்படுத்துகிற அதே தொடர், உதவியைக் கொடுக்கும்போது இதமாகிறது. இதை எந்த இலக்கணப் பட்டியலில் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அன்றாடப் பேச்சில் இதுதான் ஆளை எடைபோடும் இடம்.

அக்கம்பக்கத்துச் சொந்தங்கள்

உருவத்தில் ஒத்துப்போகும் சில தொடர்கள் குழப்பும். அதிகம் குழப்புவது தனி ‘மைட்’. “ஐ மைட் கோ” என்றால் போனாலும் போவேன், இன்னும் முடிவில்லை. “ஐ மைட் ஆஸ் வெல் கோ” என்றால் முடிவு கிட்டத்தட்ட ஆகிவிட்டது, செருப்பு மாட்டுகிறேன். மைட் என்ற சொல்லைக் கேட்டதுமே சந்தேகம் என்று எடுத்துக்கொண்டால், எதிராளி கிளம்பி வாசலுக்குப் போனபிறகும் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

வாக்கியக் கடைசியில் தனியாக வரும் ‘ஆஸ் வெல்’ வெறும் ‘கூட’தான்: “ஷி இஸ் கமிங் ஆஸ் வெல்”, அவளும் வர்றா. ‘ஜஸ்ட் ஆஸ் வெல்’ என்பது நல்லதாப் போச்சு. “இட்ஸ் ஜஸ்ட் ஆஸ் வெல் வி லெஃப்ட் எர்லி” என்றால் சீக்கிரம் கிளம்பினோம், தப்பிச்சோம்.

‘ஹேட் பெட்டர்’ மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கிறது, ஏனென்றால் அதையும் பலர் ‘செய்யலாம்’ என்ற அர்த்தத்தில் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, செய்யாவிட்டால் கெட்டது நடக்கும் என்று. டிசம்பரில் ஏற்காட்டில் இரவு தங்கப்போகிறீர்கள் என்றால், “வி ஹேட் பெட்டர் டேக் ஸ்வெட்டர்ஸ்”, எடுக்காவிட்டால் நடுங்கவேண்டியதுதான். மே மாதம் காரில் போகிறீர்கள், டிக்கியில் இடம் சும்மா கிடக்கிறது, ஒருவேளை குளிரலாம் என்றால், “வி மைட் ஆஸ் வெல் டேக் ஸ்வெட்டர்ஸ்”, இருந்துட்டுப் போகட்டும்.

வேலை இடத்தில்

கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், மேனேஜரைத்தான் காணோம், அவர் தாமதமாகும் என்று செய்தி வந்துவிட்டது. “எவ்ரிபடி இஸ் ஹியர், ஸோ வி மைட் ஆஸ் வெல் ஸ்டார்ட்.” ஒரே ஒரு வாக்கியம்தான் மனப்பாடம் செய்வேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைக் கொடுப்பேன். அவ்வளவு தடவை பயன்படும்.

கொலுசு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கும் இது உதவும். வெளிமாநில வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் இரண்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார், ஒன்று ரெடி, இன்னொன்றுக்குப் பாலிஷ் பாக்கி, நாளைக்கு முடிந்துவிடும். இரண்டு பார்சலுக்கு எதற்குச் செலவு? “த செகண்ட் ஒன் வில் பி ரெடி டுமாரோ, ஸோ வி மைட் ஆஸ் வெல் சென்ட் போத் டுகெதர்.” வாட்ஸ்அப்புக்கும் சாதாரண மெயிலுக்கும் இந்த நடை சரி. வங்கிக்கு எழுதும் கடிதம், டெண்டர், தேர்வுக் கட்டுரை இதிலெல்லாம் வேண்டாம். இது பேச்சுத் தொடர்.

இனி நீங்களே சொல்லிப் பாருங்கள். விடையை அடுத்த பத்தியில் வைத்திருக்கிறேன், கையால் மறைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, உடைந்த டம்ளரைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும் மகளிடம் அம்மா: “எப்படியும் தெரியத்தான் போகுது, நீயே சொல்லிடு.” அடுத்தது, தட்டுவடை செட் கடையில் பத்துப் பேருக்குப் பின்னால் நிற்கும் இருவர். முன்னால் ஒருவர் வாங்கிக்கொண்டு நகர்கிறார், தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட் துருவலும் கேரட்டும் எட்டிப் பார்க்கின்றன, சட்னி விரலில் வழிகிறது. வரிசையை விட்டுப் போக மனசு வரவில்லை: “இவ்வளவு நேரம் நின்னாச்சு, வாங்கிட்டே போயிடலாம்.” கடைசியாக, ஏற்காடு போய்வந்து நாள் முழுக்க ரூமில் தூங்கியே கழித்த கூட்டத்தில் ஒருவர்: “போனதும் ஒண்ணுதான், போகாததும் ஒண்ணுதான்.”

முதலாவது, “ஐ வில் ஃபைண்ட் அவுட் எனிவே, யூ மைட் ஆஸ் வெல் டெல் மீ.” மகளிடம் என்பதால் இந்தத் தொனி பொருந்தும். இரண்டாவது, “வி ஹேவ் வெயிட்டட் திஸ் லாங், வி மைட் ஆஸ் வெல் கெட் ஒன்.” மூன்றாவதில்தான் பலர் தடுமாறுவார்கள்: “வி மைட் ஆஸ் வெல் நாட் ஹேவ் கான்.” ‘நாட்’ எப்போதும் மூன்று சொல்லும் முடிந்தபிறகு, ‘ஹேவ்’வுக்கு முன்னால். ‘மைட் நாட் ஆஸ் வெல்’ என்று நடுவில் செருகினால் தொடர் உடைந்துவிடும். ஹேவ் வந்தால் நடக்கவில்லை என்று பொருள் என்றோமே, இங்கே ‘போகாமல் இருப்பது’தான் நடக்கவில்லை. அதாவது, போனார்கள்.